தொண்டிக் கடலுக்கு எந்தப் பாய்ப்படகு?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் தேவகோட்டையில் வண்டியை எடுத்தால், திருவாடானையில் ஒரு டீ குடித்துவிட்டு ஆறேகாலுக்குத் தொண்டிக் கரையில் நிற்கலாம். சுமார் 40 கிலோமீட்டர். இந்தப் பயணம் எதற்கு என்று அப்பத்தாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. "ஐயாவெல்லாம் கொண்டுவிக்க ரங்கூனுக்குக் கப்பலேறினாக. நீ காலையில போயி சாயந்தரம் வெறுங்கையோட வர்றியே, அங்க என்னதான் இருக்கு?" என்று கேட்பார்.

ஒரு சின்னப் பாய்ப்படகு, தூக்கில் புளியோதரை, கண்ணைவிட்டு மறையாத கரை. அவ்வளவுதான் இருக்கிறது. பந்தயம் கிடையாது. காற்று எங்கே விடுகிறதோ அங்கே போய், இருட்டுவதற்குள் திரும்புவதுதான் எங்கள் ஓட்டம். இதற்கு நானும் சித்தப்பா மகனும் மூன்று படகுகளில் போய்ப் பார்த்துவிட்டோம்: லேசர், என்டர்பிரைஸ், ஹோபி 16. முதல் இரண்டும் எங்களுடையவை, பழையதாக வாங்கியவை. ஹோபி ஒரு நண்பருடையது. எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம் தொண்டிக் கடல்தான்.

ராமேசுவரம் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தொண்டி பெண் கடலில் இருக்கிறது. ஆழம் பெரும்பாலும் 10 மீட்டருக்குள். கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கலாம், இடுப்பு நனைய வெகுநேரம் ஆகும். அடியில் சேறும் கடற்புல்லும். அந்தப் புல்லை நம்பித்தான் கடல்பசு இருக்கிறது. தொண்டிக்கு வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இதோடு நண்டு வலை, செவுள் வலை, அவற்றின் தெர்மகோல் மிதவைகள். ஆக, இங்கே படகு வேகமாகப் போகிறதா என்பது இரண்டாவது கேள்வி. அடியில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை எவ்வளவு சீக்கிரம் மேலே இழுக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி.

லேசரில் அடிபட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். 4.2 மீட்டர் நீளம், 59 கிலோ, 7 சதுர மீட்டருக்குச் சற்று மேலாக ஒரே பாய், ஒரே ஆள். ஒலிம்பிக்கில் ஓடும் படகு. ஏறி உட்கார்ந்து கயிற்றை இழுத்த மாத்திரத்தில் கிளம்பிவிடும், அந்தச் சுகம் மற்ற இரண்டிலும் கிடையாது. அதன் டாகர்போர்டு, அதாவது படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் செருகும் பலகை, நேர்க்குத்தாக உள்ளே இறங்கும். முக்கால் மீட்டருக்கு மேல் கீழே நிற்கும். எதிலாவது இடித்தால் தானாக மடங்காது.

தொண்டியை அடுத்த நம்புதாளைக்கு வெளியே நல்ல கொண்டல் காற்றில் வந்துகொண்டிருந்தேன். பலகை சேற்றில் ஏறியது. படகு நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. பாய்மரத்தில் தோள் இடித்து, எழுந்து பலகையைப் பிடுங்குவதற்குள் காற்று படகைத் திருப்பி ஒரு நண்டு வலைமேல் கொண்டுபோய்விட்டது. மிதவைக் கயிறு சுக்கானுக்கும் படகுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வலைக்காரர் இடுப்புத் தண்ணீரில் நடந்தே வந்தார். திட்டு விழும் என்று நினைத்தேன். கயிற்றைப் பொறுமையாக எடுத்துவிட்டு, "வலை கிழியல தம்பி, வுடுங்க" என்றார். அப்புறம் என் கையிலிருந்த பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை ஆள்தான் தூக்கணுமா? வத்தையில பக்கவாட்டுல கயித்துல தொங்கும். தண்ணி கொறஞ்சா இழுத்துக்குவோம்."

வத்தை என்பது இந்தக் கடலுக்கென்றே கட்டிய பாய்ப்படகு. தட்டையான அடி, இரண்டு மூன்று பாய், குறுக்கே இரு பக்கமும் நீட்டிய பலகை. காற்று ஏறினால் அந்தப் பலகைமேல் ஆள் போய் உட்கார்ந்து படகை நிமிர்த்துவார்கள். இன்று பெரும்பாலும் இஞ்சின்தான். ஒரு முறை அவரோடு பாய் ஏற்றிப் போனேன். ஒப்பீட்டில் அதைச் சேர்த்தால் மற்ற மூன்றும் தோற்றுவிடும். ஆனால் அதைத் தூக்கி வண்டியில் வைத்துத் தேவகோட்டைக்குக் கொண்டுவர முடியாதே.

என்டர்பிரைஸில் பலகை மடங்கும். சென்டர்போர்டு ஓர் ஆணியில் சுழலும். தரை தட்டினால் பின்னோக்கி மடிந்து பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும். டக் என்று ஒரு சத்தம் கேட்கும், படகு கொஞ்சம் நழுவும், ஆழம் பார்த்துத் திருப்பிக்கொள்ளலாம். பாதி பலகையில் ஓடினால் காற்றுக்கு எதிரே ஏறாது, பக்கவாட்டில் வழியும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் தொண்டிக்கு வடக்கே தீர்த்தாண்டதானம் பக்கம் போகிறோம். மாசி, பங்குனியில் பிற்பகல் கொண்டல் கிழக்கிலிருந்து வரும். கரை ஏறக்குறைய தெற்கு வடக்காகக் கிடக்கிறது. போகவும் வரவும் பக்கக் காற்றுதான், பாதி பலகை போதும்.

ஜாக் ஹோல்ட் 1956-இல் வடிவமைத்த படகு இது. விளம்பரத்துக்காக இரண்டு படகுகளை அந்த ஜனவரிக் குளிரில் இரவோடு இரவாக ஆங்கிலக் கால்வாயைக் கடக்க வைத்தார்கள். நீலப் பாய்தான் இதன் அடையாளம். 4 மீட்டர் நீளம், 90 கிலோ அளவில் எடை. இரண்டு பேர், தூக்கு, தண்ணீர்க் கேன், நங்கூரம் எல்லாம் உள்ளே உட்காரும். லேசரில் சாப்பாட்டை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் நனைந்துவிடும்.

இதன் குறை, கவிழ்ந்தால் தெரியும். லேசர் கவிழ்வதும் சுலபம், நிமிர்வதும் சுலபம். பலகைமேல் ஏறி நின்றால் எழுந்துவிடும், உட்காரும் குழியில் தேங்கிய தண்ணீர் ஓட ஓட வடிந்துவிடும். எங்கள் பழைய மர என்டர்பிரைஸ் நிமிரும்போது குளத்தையே அள்ளிக்கொண்டு வரும். போன தை மாதம் கவிழ்ந்து, வாளியால் கால் மணி நேரம் இறைத்தோம். வாளியைக் கயிற்றில் கட்டி வைத்திருந்ததால் பிழைத்தோம். தூக்கு மூடி இறுக்கமாக இருந்ததால் மிதந்து வந்தது. உள்ளே தேன்குழல் நொறுங்கக்கூட இல்லை.

ஹோபி 16-க்குப் பலகையே கிடையாது. இரண்டு ஓடங்களின் வளைவே நழுவலைத் தடுக்கும், சுக்கான் தட்டினால் மேலே மடங்கும். கடற்புல்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஆழத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் முதல் பரிசு இதற்குத்தான். கட்டுமரம் என்று நாம் சொன்னதைக் கேட்டமரான் ஆக்கி, மரமே இல்லாமல் நமக்குத் திருப்பி விற்கிறார்கள் என்று நண்பர் சொல்லிச் சிரிப்பார். 145 கிலோவை 20 சதுர மீட்டர் பாய் இழுத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீர்த்தாண்டதானத்துக்கு நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது போய்ச் சேர்ந்திருக்கும். சாப்பிட உட்காரத்தான் இடமில்லை. நடுவே கட்டிய துணிமேல் எல்லாமே நனையும். கவிழ்ந்தால் ஒற்றை ஆள் நிமிர்த்துவது பெரும்பாடு. முழுக்கத் தலைகீழானால், இந்த ஆழத்தில் 8 மீட்டர்ப் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும்.

வேகத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் தண்ணீர் தட்டுப்போல் கிடக்கும், ஆசை காட்டும். அரை மணியில் எங்கேயோ போய்விடுவீர்கள், திரும்ப எதிர்க்காற்று. அந்த மாதங்களில் எந்தப் படகையும் நாங்கள் இறக்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை வாடையில் பெண் கடல் பெண் கடலாக இருக்காது, அப்போதும் கிடையாது. 1974-இல் இலங்கையோடு போட்ட எல்லைக் கோடும் இதே விரிகுடாவில்தான் ஓடுகிறது, கரை கண்ணுக்குத் தெரிவது அதனாலும் நல்லது. மூன்றில் எந்தப் படகானாலும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். கடலோரப் போலீசுக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, இரண்டும் போனில் இருக்கட்டும். கிளம்புமுன் கரையில் யாரிடமாவது எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். வலை எங்கே கிடக்கிறது என்பதும் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

இனி சாலையும் வீடும். குட்டியானையின் தொட்டி 7 அடி. லேசரும் என்டர்பிரைஸும் 13, 14 அடி; அணியத்தை, அதாவது முன்நுனியை, கேபின்மேல் சாய்த்துக் கட்டினால் வந்துவிடும். ஹோபியின் அகலமே 2.4 மீட்டர். கழற்றாமல் வராது, கழற்றிப் பூட்ட ஒரு காலை போய்விடும். வீட்டு வாசலில் நின்றால் பர்மாத் தேக்கு நிலை அதைப் பார்த்துச் சிரிக்கும். என்டர்பிரைஸைப் பக்கவாட்டில் சாய்த்தால் நுழைந்துவிடும். பாய்மரம் எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் பிரச்சினையே இல்லை. முகப்பு முதல் பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், 6 மீட்டர் மரத்தை முன்தெருவிலிருந்து திரும்பாமல் கொண்டுபோய்ப் பின்கட்டில் வைக்கலாம்.

எங்கள் தேர்வு என்டர்பிரைஸ். லேசரை விற்கவில்லை, தம்பி ஊரில் இல்லாத ஞாயிறுகளுக்கு அது வேண்டும். தனியாகப் போகிறவர், நீச்சல் நன்றாகத் தெரிந்தவர், கட்டுச்சோறு பற்றிக் கவலைப்படாதவர் என்றால் லேசரே வாங்கலாம். தொண்டியிலேயே வீடும் கூடவே இரண்டு பேரும் இருந்தால் ஹோபி.

திரும்பியதும் போர் தண்ணீரில் உப்பைக் கழுவி இரண்டாம் கட்டு வளவில் கவிழ்த்து வைப்போம். பங்குனியில் ஒரு திங்கட்கிழமை பார்த்தால், என்டர்பிரைஸின் தட்டை அடிமேல் வெள்ளை வேட்டியை விரித்து அப்பத்தா கூழ் வற்றல் பிழிந்திருந்தார். பக்கத்திலிருந்த லேசரைக் காட்டி அதில் ஏன் பிழியவில்லை என்று கேட்டேன். அதன் முதுகு உருண்டையாக இருக்கிறதாம், துணி வழுக்குகிறதாம்.