மின்சாரக் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் என்று எனக்கு விற்கப்பட்டது என்ன?

மலையகத்தில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களிடம், மின்சாரம் தடைப்பட்டால் காரே வீட்டுக்கு மின்சாரம் தரும் என்று சொல்லி யாரேனும் ஒரு கருவியை விற்க வந்தால், முற்பணம் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கொட்டகலைக்கு அருகில் வசிக்கும் நான் அப்படி 185,000 ரூபாயை இழந்தேன். அதைவிடப் பெரிய இழப்பிலிருந்து மயிரிழையில் தப்பினேன்.

என் தாயாருக்கு நுரையீரல் நோய். ஒட்சிசன் செறிவூட்டும் இயந்திரம் இல்லாமல் அவரால் இரவில் உறங்க முடியாது. அது ஏறக்குறைய 350 வாட் மின்சாரம் எடுக்கும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, அவசரத்துக்கு வைத்திருந்த சிறிய சிலிண்டரின் முள் இறங்குவதைப் பார்த்தபடியே பல மணித்தியாலங்கள் உட்கார்ந்திருந்தேன். வாசலில் 24 கிலோவாட் மணி, அதாவது 24 அலகு (யூனிட்), பட்டரியுடன் ஒரு பழைய நிசான் லீஃப் நின்றுகொண்டிருக்க, அதிலிருந்து ஒரு துளி மின்சாரத்தைக்கூட அம்மாவுக்குக் கொடுக்க முடியவில்லையே என்ற ஆதங்கம் அன்றுதான் பிறந்தது.

அந்த ஆதங்கத்தோடுதான் நகரிலுள்ள ஒரு வாகன மின் வேலைத்தளத்துக்குப் போனேன். "சேர், 24 யூனிட் பட்டரி இருக்கு. உங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு மூணு யூனிட் போகுமா? எட்டு நாளைக்குக் கவலையே வேணாம்" என்றார் உரிமையாளர். பட்டரியின் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் ஒன்பது மட்டுமே மிஞ்சியுள்ள என் பழைய பட்டரி 24 அலகைத் தராது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அதில் பாதி கிடைத்தாலே அம்மாவின் இயந்திரம் ஓர் இரவும் பகலும் ஓடும் என்று எண்ணிச் சம்மதித்தேன்.

அவர்கள் பொருத்தியது, காரின் முன்பக்கம் இருக்கும் சிறிய 12 வோல்ட் பட்டரியில் இணைத்த சாதாரண இன்வர்ட்டர் ஒன்றுதான். மின்சாரக் காரில் இரண்டு பட்டரிகள் உண்டு என்பதையும், காரை ஓட்டும் பெரிய பட்டரிக்கும் இந்தச் சிறியதற்கும் இடையில் ஒரு மாற்றி மட்டுமே பாலமாக இருக்கிறது என்பதையும் நான் பின்னர்தான் கற்றேன். கார் ஓடத் தயாரான நிலையில் இருந்தால், பெரிய பட்டரியிலிருந்து சிறியதற்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும். அப்போதும் அவ்வழியாக ஏறத்தாழ ஒரு கிலோவாட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. காரை நிறுத்திவிட்டால் அந்தப் பாலமும் இல்லை. சிறிய பட்டரியில் இருக்கும் அரை அலகு அளவிலான மின்சாரம் மட்டுமே மிச்சம். காசல்ரீ நீர்த்தேக்கமே பின்னால் இருந்தும், வாளியில் கிடக்கும் தண்ணீரைத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டே பாவிக்கலாம் என்று அவர்கள் சொன்னதை நானும் நம்பினேன்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மழை விடாமல் கொட்டிய அந்த இரவில் மின்சாரம் போனதும், சொல்லித்தந்தபடியே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு இன்வர்ட்டரைப் போட்டேன். விளக்குகள் எரிந்தன, இயந்திரமும் ஓடியது. ஆனால் வீடு முழுவதற்கும் இணைப்புக் கொடுத்திருந்ததால் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்தே இயங்கியிருக்கிறது. ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது, அம்மாவின் இயந்திரம் அபாய ஒலி எழுப்பியது. டொர்ச்சுடன் ஓடிப்போய்க் காரின் மூடியைத் திறந்தேன். ரப்பர் கருகும் நாற்றம் முகத்தில் அடித்தது. சிவப்பு வயரின் உறை இளகி, மூடியின் உட்புற விரிப்பில் பாகு போல ஒட்டியிருந்தது. விரல் வைக்க முடியவில்லை. 12 வோல்ட்டில் ஒரு கிலோவாட் எடுத்தால் 80 ஆம்பியருக்கு மேல் பாயும். அதற்கு விரல் தடிப்பில் செப்புக் கம்பியும், பட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூசும் வேண்டும். எனக்குப் போட்டிருந்தது வீட்டு வயரிங் செய்யும் கம்பி. ஃபியூஸ் இல்லவே இல்லை. இன்வர்ட்டரின் மேல் மட்டும் 3000 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது.

அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக எண்ணிக் காரில் ஏறினால் கார் உயிர் பெறவில்லை. பெரிய பட்டரியை இணைக்கும் தொடுப்பான்களை இயக்குவதே அந்தச் சிறிய பட்டரிதான். அது இறந்துவிட்டால், பெரியதில் எவ்வளவு மின்சாரம் இருந்தாலும் கார் அசையாது. பக்கத்து லயத்துத் தம்பி தன் முச்சக்கர வண்டியின் பட்டரியைக் கழற்றிக்கொண்டு மழையில் ஓடிவந்து உயிர் கொடுத்ததையும், அதுவரை சிலிண்டரில் ஒட்சிசன் மிஞ்சியிருந்ததையும் என் ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டேன்.

இதைவிட ஆபத்தான ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு இணைப்புத் தர அவர்கள் கொடுத்தது இரண்டு முனைகளிலும் பிளக் பொருத்திய ஒரு வயர். ஒரு முனையை இன்வர்ட்டரிலும் மறுமுனையைச் சுவரிலுள்ள பிளக் பொயின்ட்டிலும் செருக வேண்டும். சுவரிலிருந்து அது கழன்றால், அதன் பித்தளை முனைகளில் 230 வோல்ட் வெளிப்படையாக நிற்கும். ஒரு குழந்தை தொட்டால் போதும். மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் மின்சாரம் வீதிக் கம்பிக்குப் போகும். பொதுவாக அயல் வீடுகளின் சுமை தாங்காமல் இன்வர்ட்டர் நின்றுவிடும். ஆனால் மரம் விழுந்து கம்பி அறுந்து, நம் வீடு தனியே டிரான்ஸ்போமருடன் மட்டும் இணைந்து நிற்கும் நிலை நம் மலைகளில் அரிதல்ல. அப்போது அதே 230 வோல்ட் பின்புறமாகப் போய் 33,000 வோல்ட்டாக உயரும். கம்பத்தில் ஏறி நிற்பவர், நமக்கு வெளிச்சம் தரத்தான் அந்த மழையில் ஏறியிருப்பார். எங்கள் பகுதியில் மின்கம்பி வேலை செய்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் அந்த வயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இத முதல்ல வெட்டிப் போடு தம்பி" என்றார். அன்றே வெட்டினேன்.

காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பது பொய்யல்ல. ஜப்பானில் 2012 முதலே லீஃப் காரின் சாடெமோ வேகமின்னேற்றத் துவாரம் வழியாகப் பெரிய பட்டரியிலிருந்தே ஆறு கிலோவாட் வரை எடுக்கும் கருவி விற்பனையில் இருக்கிறது. அது சுவரோரம் நிறுவும் பெரிய பெட்டி. அங்குள்ள வீட்டு மின்சாரம் 100 வோல்ட் என்பதால், அங்கிருந்து வரும் எந்தக் கருவியும் இங்குள்ள 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று கேட்க வேண்டும். இப்போது இறக்குமதியாகும் பிவைடி அட்டோ 3 போன்ற கார்களில் வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி காருடனேயே வருகிறது. எதுவானாலும், கருவி எந்தப் பட்டரியிலிருந்து எடுக்கிறது, வீட்டுக்கும் வீதிக் கம்பிக்கும் நடுவில், ஒன்றை இணைத்தால் மற்றதைத் துண்டித்துவிடும் மாற்றுச் சுவிட்ச் பொருத்தப்படுமா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். என் பற்றுச்சீட்டில் "இன்வர்ட்டர் பொருத்துதல்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நீங்க கேட்டதத்தானே சேர் போட்டோம்" என்று சொல்ல அவர்களுக்கு அதுவே வசதியாக இருந்தது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இளகிய அந்த வயர்த் துண்டைப் பற்றுச்சீட்டுடன் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். இதே வேலைக்கு எங்காவது முற்பணம் கட்டியிருப்பவர்கள், காரின் மூடியைத் திறந்து, சிவப்பு வயர் எந்தப் பட்டரியில் போய் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.