டொஸ்கானினி பெட்டி: வன்னியில் வாங்கிக் கேட்கலாமா?

மேற்கத்திய வாத்தியக்குழுக்களை நடத்திய இத்தாலியர் ஆர்ட்டூரோ டொஸ்கானினியின் பதிவுகளை அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான ஆர்.சி.ஏ. ஒரே பெட்டியாகப் போட்டிருக்கிறது. எண்பதுக்கும் மேற்பட்ட இறுவட்டுகள். முழுப் பெட்டியும் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. வெளிநாட்டிலிருந்து எடுத்தால் தபால் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும். அதற்குப் பிறகும் பாதி வட்டுகள் அலுமாரியில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். உதிரியாகக் கிடைப்பவற்றில் பொறுக்கி எடுங்கள்.

பொறுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது பதிவு நடந்த இடம். 1937 டிசம்பர் 25 முதல் என்.பி.சி. வானொலியின் வாத்தியக்குழுவை அவர் பல ஆண்டுகள் நடத்தியது நியூயோர்க்கின் ஸ்டூடியோ 8எச்-இல். எதிரொலி மிகக் குறைந்த வானொலிக் கலையகம் அது. வயலின்கள் கூராகக் கீறும், டிம்பனி என்ற பெரிய மேளம் தகர வாளியில் அடித்ததுபோலக் கேட்கும். அதே நகரின் கச்சேரி அரங்கான கார்னகி மண்டபத்தில் அதே குழுவின் ஒலிக்கு உடம்பு வந்துவிடுகிறது. ஆகவே அங்கே பதிவான வெர்டியின் இரங்கற்பூசை இசையான ரெக்குயம் (1951), பிராம்ஸின் நான்கு சிம்பொனிகள் (1951-52), பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி (1952) ஆகியவை முதலில்.

8எச்-இலும் விடக்கூடாத ஒன்று 1946இன் 'லா போஹெம்', புச்சினியின் ஓப்பெரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம். 1896இல் தூரினில் அந்த ஓப்பெராவின் முதல் அரங்கேற்றத்தை நடத்தியவரே ஐம்பது ஆண்டு கழித்து மறுபடி நடத்துகிறார். உணர்ச்சி ஏறுகிற இடங்களில் பாடகர்களுக்குப் பின்னால் ஒரு கரகரத்த முனகல் கேட்கும். வட்டிலோ ஸ்பீக்கரிலோ பழுதில்லை. கிழவர் தானும் சேர்ந்து பாடுகிறார்.

விற்பவர்கள் அவரைப் பாசிச எதிர்ப்பின் திருவுருவாக்கித்தான் காட்டுவார்கள். ஆனால் 1919 தேர்தலில் மிலானில் முசோலினியின் பட்டியலில் வேட்பாளராக நின்றவரும் அவர்தான். பட்டியல் படுதோல்வி. பிறகே முரண்பாடு முற்றியது. 1931 மே 14 அன்று பொலோஞ்ஞாவில், கச்சேரிக்கு முன் பாசிசக் கட்சிப் பாடலான 'ஜொவினெஸ்ஸா'வை வாசிக்க மறுத்ததால் அரங்க வாசலிலேயே முகத்தில் அறை வாங்கினார். கச்சேரி நடக்கவில்லை. 1933இல் ஹிட்லரின் ஆட்சியைக் கண்டித்து ஜெர்மனியின் பைரொய்த் ஓப்பெரா விழாவை விட்டு விலகினார். 1936 டிசம்பரில் டெல் அவிவ் போய், ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட யூதக் கலைஞர்களின் குழுவுடைய முதல் கச்சேரியை நடத்தினார். பொலோஞ்ஞாவில் ஒரு கட்சிப் பாட்டுக்கு இவ்வளவா என்று வன்னியில் யாரும் கேட்கமாட்டார்கள். 2016 இலங்கைச் சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் ஒலித்ததும், 2020இல் அது நின்றதும் இங்கே மறக்கக்கூடிய விஷயமா? இவ்வளவுக்கும் ஒத்திகையில் அவரே சர்வாதிகாரி. நடத்தும் குச்சியை முறிப்பார், வாத்தியக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசுவார். அந்த விறைப்புத்தான் பதிவுகளின் தாளக்கட்டில் கேட்கிறது. எல்லாருக்கும் அது பிடிக்காது.

இனி, கேட்கும் முறை. பெட்டியில் இருப்பவை மோனோ, அதாவது ஒற்றைத் தடப் பதிவுகள். ஆகவே இரண்டு ஸ்பீக்கரை மூலைக்கொன்றாக வைப்பதில் பயனில்லை. நல்லது ஒன்றை நேர் முன்னால் வையுங்கள். 'சரவுண்ட்', 'பேஸ் பூஸ்ட்' இரண்டையும் நிறுத்துங்கள். இந்தப் பழைய பதிவுகளில் அடி ஒலி குறைவு. இல்லாததைப் பூஸ்ட் தூக்கினால் கிடைப்பது இரைச்சல்தான். 8எச் பதிவுகளுக்கு, ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 3 கிலோஹேர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை 3 டெசிபல் இறக்கினால் கீறல் அடங்கும்.

புதிய லப்டொப்புகளில் வட்டு போடும் இடமே இல்லை. யூ.எஸ்.பி.யில் செருகும் சி.டி. டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கணினிக் கோப்புகளாக மாற்றிவிடுங்கள். 70 நிமிட வட்டு 96 கிலோபிட் மோனோ எம்பி3 ஆக ஏறத்தாழ 50 எம்.பி. வரும், பெரிய இழப்பில்லை.

மின்வெட்டு நேரத்தில் மலிவான சோலர் இன்வேர்ட்டரில் போட்டால் மெல்லிய பகுதிகளில் 'ங்ங்' என்று ஒரு இரைச்சல் நுழையும். அந்த இன்வேர்ட்டர்கள் தரும் மின்சார அலை சுத்தமானதல்ல. பற்றரியில் ஓடும் ஸ்பீக்கர் மேல். மாரியில் தகரக் கூரைக்குக் கீழே எதுவும் எடுபடாது, ஹெட்போன்தான் கதி.

பழைய எல்.பி. தட்டு யாராவது கொடுத்தால் உறையைப் பாருங்கள். ஆர்.சி.ஏ. 1960களில் சிலவற்றை மின்னணு முறையில் போலி ஸ்டீரியோ ஆக்கி வெளியிட்டது. வாத்தியங்கள் அங்குமிங்கும் அலையும், குகைக்குள் கேட்பதுபோல எதிரொலிக்கும். சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.