ஸோட்டெரோவுடன் எட்டு ஆண்டுகள்: மேற்கோள் மென்பொருளும் நம் பெயர்களும்

2018 இறுதியில், சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஓர் ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் வாதத்தில் குறை காணவில்லை. துணைநூற்பட்டியலின் பதினோராவது பதிவுக்கு எதிரே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “இது நூலாசிரியரின் தந்தை பெயர்.” படித்ததும் முகம் சுண்டிப்போனது. அந்த நூலை மூன்று முறை வாசித்தவன் நான். எழுதியவரின் பெயரையே தவறாக அனுப்பியிருக்கிறேன்.

அப்போது நான் ஸோட்டெரோவைப் பயன்படுத்தத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. இன்றைக்கு எட்டு ஆண்டுகள். என் தொகுப்பில் ஆயிரத்து அறுநூறு பதிவுகள் இருக்கின்றன. தமிழ், ஆங்கிலம், மலாய் என மும்மொழிச் சான்றுகளை வைத்து இங்கே சிங்கப்பூரில் ஆய்வு செய்கிறவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வரலாற்று மையம் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குள் மட்டுமே ஓடியது. இப்போது தனிச் செயலி. உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் நூலக அட்டவணையிலிருந்தோ ஆய்விதழ்ப் பக்கத்திலிருந்தோ தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் தொகுப்புக்குள் வந்து சேரும். வேர்டில் எழுதும்போது தேவையான இடத்தில் மேற்கோளைச் செருகினால் போதும், கடைசியில் பட்டியல் தானாக உருவாகிவிடும்.

வந்து சேரும் தகவலை அப்படியே நம்பியதுதான் நான் செய்த பிழை. பெயரில் கடைசியாக நிற்கும் சொல் பெரும்பாலும் குடும்பப் பெயராகவே பதிவாகிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. இங்கே பலருடைய அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்), ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்) போட்டுத் தந்தை பெயரோடுதான் பெயர் முடிகிறது. ஆகவே மகள் எழுதிய நூல் அகரவரிசையில் தந்தையின் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். மலாய்க்காரர்களின் ‘பின்’, ‘பிந்தி’க்கும் இதே கதிதான். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும். விக்டோரியா தெருவில் நான் சனிக்கிழமைதோறும் போய் உட்காரும் மேற்கோள் நூலகத்துக்கு லீ கோங் சியான் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். லீ என்பது குடும்பப் பெயர். பார்க்காமல் விட்டால் அவரும் ‘சியான், எல். கே.’ ஆகிவிடுவார்.

இதைச் சரிசெய்யும் வழி மென்பொருளிலேயே இருக்கிறது. ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய பொத்தானை அழுத்தினால் குடும்பப் பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் தனித்தனியாக உள்ள இரண்டு கட்டங்கள் ஒன்றாகிவிடும். உள்ளே எழுதியது வெட்டுப்படாமல், இடம் மாறாமல் அச்சாகும். ‘எஸ்/ஓ’ உள்ள பெயர்களை நான் ஒற்றைக் கட்டத்தில் இடுகிறேன். கோ. சாரங்கபாணி போன்ற முன்னெழுத்துப் பெயர்களுக்கு இரண்டு கட்டங்களே பொருந்தும். அமைப்புகளின் பெயர்களைக் கட்டாயம் ஒற்றைக் கட்டத்தில்தான் இட வேண்டும். இல்லாவிட்டால் தமிழர் சீர்திருத்தச் சங்கம் ‘சங்கம், தமிழர் சீர்திருத்த’ என்று தலைகீழாகும். அந்த மதிப்பீட்டாளரின் வரியைப் படித்த வாரம், அன்றிருந்த நானூற்றுச் சொச்சம் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பெயர்களைத் திருத்தினேன். நான்கு இரவுகள் பிடித்தன.

அடுத்தது எழுத்துப்பெயர்ப்பு. ஆங்கில ஆய்விதழ்கள் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் கேட்கும். நூலகங்களில் பரவலாக இருக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் ழகரத்துக்கு அடிக்கோடு, ளகரத்துக்கு அடிப்புள்ளி. றகரத்துக்கும் னகரத்துக்கும் கோடு, ணகரத்துக்குப் புள்ளி. கண் கொஞ்சம் அசந்தால் ‘வாழை’ ‘வாளை’ ஆகிவிடும். சகரத்துக்கு அந்த முறையில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து. அதனால் ‘முரசு’ என்பதை விவரம் தெரியாதவர் ‘முரகு’ என்று படிப்பார். 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு, தன் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறதோ அப்படியே நான் வைத்துக்கொள்கிறேன். செய்தித் தலைப்புகளை மட்டும் முறைப்படி எழுத்துப்பெயர்க்கிறேன். இந்த முடிவை எடுக்கும் முன்பு ஒரே நாளிதழ் என் தொகுப்பில் மூன்று எழுத்துக்கூட்டல்களில் கிடந்தது.

பழைய நூல்களின் ஆண்டைப் பதிவதற்கு எந்த மென்பொருளும் உதவாது. முகப்பில் ‘யுவ ஆண்டு’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1875ஆகவும் இருக்கலாம், 1935ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், விலை, முன்னுரையில் வரும் ஆட்கள் ஆகியவற்றைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். 1935தான் என்று உறுதியான பிறகும், சித்திரையில் பிறக்கும் ஆண்டு 1936 ஏப்ரல் வரை நீளும். தேதிக் கட்டத்தில் 1935 என்று இட்டு, கூடுதல் குறிப்புக் கட்டத்தில் நூலில் உள்ளபடி தமிழ் ஆண்டையும் எழுதி வைக்கிறேன்.

அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ மேற்கோள் நடையின் ஏழாம் பதிப்பு 2019இல் வந்தபோது நூல் வெளியான ஊரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சிங்கப்பூர் எழுத்தாளர்களின் நூல்கள் பல சென்னையில் அச்சாகியிருக்கின்றன. எந்த ஊர் என்பதே நம் இலக்கிய வரலாற்றுக்குச் சான்று. பட்டியலில் அச்சாகாவிட்டாலும் ஊர்க் கட்டத்தை நான் வெறுமையாக விடுவதில்லை.

ஸோட்டெரோவின் உண்மையான வலிமை நடை மாற்றத்தில் தெரிகிறது. ஓர் ஆய்விதழ் மறுத்த கட்டுரையை இன்னொன்றுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முதல் இதழ் கேட்டது அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும்; இரண்டாவது கேட்டது சிகாகோ என்னும் மேற்கோள் நடையில் அடிக்குறிப்பு. எழுபத்திரண்டு மேற்கோள்களும் ஒரு நிமிடத்தில் அடிக்குறிப்புகளாக இறங்கின. தட்டச்சு செய்து பழகிய காலத்தில் ஒரு வாரம் போயிருக்கும். ஆனால் ஓர் ஆவணத்துக்கு ஒரே மொழி அமைப்புதான். ஆங்கில நூலுக்கு ஆங்கிலத்திலும் தமிழ் நூலுக்கு ‘மற்றும் பிறர்’ என்றும் ஒரே பட்டியலில் வராது; அதைக் கடைசியில் கையால் மாற்றுகிறேன்.

ஓர் எச்சரிக்கை. பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் மேற்கோள்களின் இணைப்பைத் துண்டித்து வெறும் எழுத்தாக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதை நகலில் மட்டுமே செய்யுங்கள். 2021இல் அதை மூலக்கோப்பிலேயே செய்து, சேமித்து, மூடிவிட்டேன். மதிப்பீட்டாளர்கள் ஐந்து நூல்களைச் சேர்க்கச் சொன்னபோது, கட்டுரையிலிருந்த ஐம்பத்தெட்டு மேற்கோள்களையும் மறுபடி செருக வேண்டியதாயிற்று. தீபாவளிக்கு முந்திய இரண்டு நாட்கள் அதற்கே போயின.

இலவசச் சேமிப்பிடம் 300 எம்பிதான். ஸ்கேன் செய்த நாளிதழ்ப் பக்கங்களுக்குக் காணாது. கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு பதிவுகளை மட்டும் ஒத்திசைக்கிறேன். அதற்குக் கட்டணம் இல்லை.

திரும்பி வந்த அந்தக் கட்டுரை 2019இல் அதே இதழில் வெளியானது. அச்சுப் பிரதி கைக்கு வந்ததும் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டினேன். பதினோராவது இடத்தில் இருந்த பதிவு இருபத்து மூன்றாவது இடத்துக்குப் போயிருந்தது, எழுதியவரின் சொந்தப் பெயரில்.