மலிவு சப்ளையரா, கூட்டாளி சப்ளையரா?

உற்பத்தி நிறுவனங்கள் மூலப்பொருளையும் உதிரிபாகங்களையும் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வாங்குகின்றன. ஒவ்வொரு ஆர்டருக்கும் நாலு இடத்தில் கொட்டேஷன் கேட்டு, விலை குறைந்தவருக்குக் கொடுப்பது ஒன்று. சில சப்ளையர்களோடு பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு, வடிவமைப்பிலிருந்து கழிவைக் குறைப்பது வரை சேர்ந்தே செய்வது இன்னொன்று. இந்த மாதச் செலவை மட்டும் பார்த்தால் முதல் வழிதான் ஜெயிக்கும். நிலைத்தன்மை, அதாவது சுற்றுச்சூழல், தொழிலாளர் பாதுகாப்பு, நிறுவனத்தின் நீண்டகாலப் பிழைப்பு என்று வந்தால் கதை வேறு.

சுற்றுச்சூழலை முதலில் எடுத்துக்கொள்வோம். பல பொருள்களில் கார்பன் உமிழ்வின் பெரும்பங்கு நிறுவனத்தின் சொந்த ஆலையில் உருவாவதில்லை. இரும்பு உருக்கும் இடத்திலும் துணிக்குச் சாயம் ஏற்றும் இடத்திலும்தான் உருவாகிறது. நிறுவனத்தின் கார்பன் கணக்கில், இப்படித் தன் ஆலைக்கு வெளியே உருவாவது 'ஸ்கோப் 3' என்ற தலைப்பில் வரும். சாயப்பட்டறைக்காரர் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்க நிலையம் கட்டினால் கடன் அடைய பல வருடம் ஆகும். அடுத்த சீசனுக்கு ஆர்டர் உண்டா என்பதே நிச்சயமில்லை. எந்தத் தைரியத்தில் கடன் வாங்குவார்? ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

விலையை ரொம்ப இறுக்கினால், வேலை சத்தமில்லாமல் வேறொரு பட்டறைக்குக் கைமாறும். 2013 ஏப்ரலில் வங்கதேசத்தின் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தங்கள் துணி அங்கே தைக்கப்பட்டதே தெரியாது என்று சொன்ன நிறுவனங்கள் உண்டு. அதன்பின் வந்த பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து முக்கியமானது: கையெழுத்திட்ட நிறுவனங்கள் முதல் இரண்டு ஆண்டுகளாவது அந்த நாட்டிலிருந்து தொடர்ந்து வாங்க வேண்டும். ஆர்டர் நிலைக்காமல் ஆலையைச் சீர்செய்யப் பணம் வராது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம், நிறுவனம் பிழைத்துக் கிடப்பது. 1997 பிப்ரவரியில் ஜப்பானின் கரியா நகரில், டொயோட்டாவுக்குக் கார் பாகங்கள் செய்யும் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. டொயோட்டாவின் பிரேக் வால்வுகள் கிட்டத்தட்ட எல்லாமே அங்கிருந்துதான் வந்தன. கையிருப்போ சில மணிநேரத்துக்கு. டொயோட்டாவின் பெரும்பாலான ஆலைகள் நின்றுபோயின. ஆனால் வரைபடங்கள் உடனே மற்ற சப்ளையர்களுக்குப் போயின. பணம் எவ்வளவு என்று பேசி முடிக்கும் முன்பே வேலை தொடங்கியது. கார் பாகம் செய்தே பழக்கமில்லாத தையல் இயந்திர நிறுவனமான பிரதர்கூட மெஷினை மாற்றியமைத்து வால்வு செய்தது. சுமார் ஒரு வாரத்தில் உற்பத்தி மீண்டது. கொட்டேஷன் உறவில் இது நடக்காது; முதல் கேள்வியே "ரேட் என்ன?" என்பதாக இருந்திருக்கும்.

சரி, கூட்டாளி என்றாலே பாதுகாப்பா? இல்லை. அந்த நெருக்கடியே ஒரே ஆலையை நம்பியதால் வந்ததுதான். 2000-இல் நியூ மெக்சிகோவில் பிலிப்ஸின் சிப் ஆலையில் மின்னல் தாக்கித் தீப்பிடித்தது. அங்கிருந்து வாங்கிவந்த கைபேசி நிறுவனமான நோக்கியா பிரச்சினையைச் சீக்கிரமே மோப்பம் பிடித்து, மாற்று வழிகளைத் தேடிப் பிடித்தது. அதே ஆலையிலிருந்து வாங்கிய இன்னொரு கைபேசி நிறுவனமான எரிக்சனிடம் சில சிப்களுக்கு வேறு சப்ளையரே இல்லை. சுமார் 40 கோடி டாலர் இழப்பு.

போலிக் கூட்டாண்மையும் நிறைய உண்டு. மேடையில் "பார்ட்னர்" என்பார்கள். பில்லுக்குப் பணம் நாலு மாதம் கழித்துத்தான் வரும். கொட்டேஷன்காரராவது முகத்துக்கு நேராகப் பேரம் பேசுகிறார்.

என் தேர்வு இது: அட்டைப்பெட்டி, சாதாரண போல்ட் போன்றவற்றுக்குக் கொட்டேஷனே போதும். வெப்பம், தண்ணீர், ரசாயனம் அதிகம் செலவாகும் பொருள்களுக்கு நீண்ட ஒப்பந்தம் வேண்டும், அதுவும் ஒருவரோடு அல்ல, இருவரோடு. மூலப்பொருள் விலை ஏறினால் யார் எவ்வளவு தாங்குவது, மின்சார, தண்ணீர்க் கணக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை தருவது என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.