கோடில்லாத மீனோடு நான்கு வருடம்

சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளுக்கு நான் போனது தட்டு மாதிரி வட்டமான நீல டிஸ்கஸ் மீன் வாங்க. திரும்பும்போது பையில் இருந்தவை டிஸ்கஸிலேயே பிஜியன் பிளட் என்ற ரகத்தில் ஆறு குஞ்சுகள். வெளிர் மஞ்சள் உடம்பில் ஆரஞ்சுக் கோலம், ரத்தச் சிவப்பில் கண், ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம். நான்கு வருடம் ஆகிவிட்டது. ஐந்து உயிரோடு இருக்கின்றன. பெரியது ஆறு அங்குலத்தைத் தாண்டிவிட்டது.

டிஸ்கஸின் பூர்வீகம் அமேசான் என்றாலும் இந்த ரகம் அங்கே கிடையாது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பண்ணைக்காரர்கள் கொண்டுவந்தது. காட்டு டிஸ்கஸுக்கு மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் உண்டு. மீன் மிரண்டாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ அவை அடர்ந்து தெரியும். பிஜியன் பிளட்டுக்கு அந்தக் கோடுகள் வராது. கடைக்காரரும் அதைத்தான் பெருமையாகச் சொன்னார்: "கோடே விழாது சார், எப்பவும் பளிச்சுனு இருக்கும்."

பளிச்சென்றுதான் இருந்தது, சாகிற வரைக்கும். ஆறாவது மீன் மூன்று நாள் தொட்டி மூலையில் ஒதுங்கி நின்றது. நிறம் கொஞ்சமும் மங்கவில்லை, அதனால் புது இடத்துப் பயம் என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் வெள்ளை நூல் போல எச்சம் தொங்கியது. குடல் கிருமிக்கான மெட்ரோனிடசோல் மருந்து போட்டுப் பார்த்தேன், அதற்குள் அது சாப்பாட்டையே நிறுத்தியிருந்தது. இப்போதெல்லாம் நிறத்தை நான் நம்புவதில்லை. தீனி போடும்போது யார் கடைசியில் வருகிறார்கள், ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைகிறதா, எச்சம் கறுப்பா வெள்ளையா, இதைத்தான் பார்க்கிறேன்.

கோடுதான் வராதே தவிர, கறுப்பு முழுசாகப் போய்விடவில்லை. பொடிப்பொடியாக உடம்பில் ஒளிந்திருக்கிறது, சுற்றிலும் இருட்டாக இருந்தால் வெளியே வரும். நான் அழகுக்காகக் கறுப்புக் கல்லும் பின்னால் கருநீல ஷீட்டும் வைத்திருந்தேன். இரண்டே மாதத்தில் முகமும் துடுப்பும் மிளகுத்தூள் தூவிய ஆம்லெட் மாதிரி ஆகிவிட்டன. கல்லை அள்ளி வெளியே போட்டுவிட்டு, வெளிர் நிற ஷீட் ஒட்டினேன். மெல்ல மெல்லக் குறைந்தது. ஒன்றுக்கு மட்டும் வாயோரத்தில் இன்னும் மீசை மாதிரி இருக்கிறது.

தொட்டி நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 250 லிட்டர். மெட்ரோ தண்ணீரை டிரம்மில் பிடித்து, இரவு முழுக்கக் காற்று ஓடவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறேன். இந்த வேலையின் அருமை என் இடுப்புக்குத்தான் தெரியும். வெப்பம் 28 முதல் 30 டிகிரி வேண்டும். சென்னையில் ஹீட்டர் மார்கழி, தை இரவுகளுக்குத்தான் உருப்படியாக வேலை செய்கிறது. மே மாதம் தண்ணீர் தானாகவே 32-ஐத் தொடும். அந்தச் சூட்டில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன், காற்றுக் குமிழி விடும் கல். கரண்ட் போனால் பேட்டரி பம்ப். மாட்டு இதயக் கலவை கொடுத்தால் மளமளவென்று வளர்கின்றன, ஆனால் மிச்சம் மீதி தண்ணீரை நாறடிக்கிறது. உறைந்த ரத்தப் புழுவுக்கும் பெல்லட் என்ற உருண்டைத் தீனிக்கும் மாறிவிட்டேன்.

போன வருடம் ஒரு ஜோடி சேர்ந்தது. டிஸ்கஸ் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தகப்பன் தோலில் சுரக்கும் பிசினைத்தான் தின்னும். குஞ்சு பார்க்கும் காலத்தில் மற்ற டிஸ்கஸ்களின் உடம்பு கறுத்துவிடும், குஞ்சுகள் அந்தக் கறுப்பைப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளும். இவை கறுப்பதில்லையே! முதல் இரண்டு தடவையும் குஞ்சுகள் பெற்றோரை விட்டுவிட்டுக் கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டரை மொய்த்துக்கொண்டு பட்டினியில் செத்தன. மூன்றாம் தடவை ஜோடியை வெறும் தொட்டிக்கு மாற்றி, குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஃபில்டரை எடுத்துவிட்டு, தண்ணீரை முக்கால் அடிக்குக் குறைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் தாயின் முதுகில் கண்ணிமை மயிர் முளைத்த மாதிரி முப்பது, நாற்பது ஒட்டிக்கொண்டிருந்தன.