பற்றரி இல்லாத பன்னிரண்டு குதிரைவலு: கெட்ட காலத்துக்கு லாண்ட்மாஸ்ரர் தேறுமா?

நாடு படுத்துவிட்டால் எந்த வாகனம் மிஞ்சும் என்று கேட்டால் பலர் நாலு சில்லு ஜீப்பைத்தான் காட்டுவார்கள். வன்னியில் 1990களின் பொருளாதாரத் தடை இந்தக் கேள்வியை எப்போதோ தீர்த்துவிட்டது. பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை. ஓடியவை சைக்கிளும், மண்ணெண்ணெயில் பழக்கப்பட்ட மோட்டார் சைக்கிளும், லாண்ட்மாஸ்ரர் என்று நாம் சொல்லும் இரண்டு சில்லு உழவு இயந்திரமும்தான். 2022 ஆனி (யூன்) கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர்ந்தவர்களுக்கு எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தபோதும், பிறகு கியூஆர் குறியிட்ட எரிபொருள் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்தபோதும், நிலைமை பெரிதாக வேறுபடவில்லை.

இங்கே எடைபோடுவது பின்னால் இழுக்கும் பெட்டியோடு வரும் சீனத்து லாண்ட்மாஸ்ரரை. எஸ்195 இயந்திரம் பூட்டியது. ஒற்றைச் சிலிண்டர், 815 சிசி, நிமிடத்துக்கு 2000 சுற்றில் 12 குதிரைவலு. முன்னுக்கு ஆறு கியர், பின்னுக்கு இரண்டு. மின்சுற்று ஒன்றுமே வேண்டாம். ஹான்டிலால் சுற்றினால் ஓடும், டீசலை நிறுத்தினால் நிற்கும். கெட்ட காலத்துக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

வேகம்தான் ஏமாற்றம். உச்ச கியரிலும் மணிக்கு 15 கிலோமீற்றர் அளவுதான். சுமையோடு பத்து, பன்னிரண்டு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ35 வீதியில் 52 கிலோமீற்றர். ஒரு குடும்பமும் நெல்மூட்டையும் ஏற்றினால் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும், ஏழெட்டு லீற்றர் டீசல் போகும். முழுச் சுமையில் உழும்போது மணிக்கு 2.7 லீற்றர் வரை குடிக்கும். ஆகவே 20 லீற்றர் கான் ஒன்று ஒரு நாள் உழவுக்கு அல்லது முல்லைத்தீவுக்குப் போய்வர என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ரார்ட் பண்ணுவதில் ஆபத்து இருக்கிறது. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்தே ஹான்டிலைப் பிடிக்க வேண்டும். பெருவிரலால் சுற்றிப் பிடித்தவரின் கை, இயந்திரம் எதிர்த்து உதைக்கும்போது முறியும். அமுக்கம் விடும் நெம்பை இடக்கையால் தூக்கி, வலக்கையால் வேகம் ஏறும்வரை சுற்றி, நெம்பை விட்டதும் சுற்றலை நிறுத்தாமல் தொடர வேண்டும். பிடித்ததும் ஒயில் காட்டியின் சிவப்புக் குமிழ் மேலே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். டீசல் தீர்ந்து நின்றால் பைப்பில் காற்று அடைபடும். பம்புக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஒழுகவிட்டு இறுக்கிய பிறகுதான் பிடிக்கும். இது தெரியாமல் பழுதென்று கைவிடுபவர்கள் உண்டு.

தண்ணீர்ப் பெட்டி ஆவியாகிக் குளிரும் வகை. மிதவையின் சிவப்புத் தலை தாழ்ந்தால் ஊற்ற வேண்டும். வற்றிக் கொதிக்கும் நேரத்தில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) வெடிப்பு விழும்; ஆறவிட்டு ஊற்றுங்கள். வன்னிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது, உள்ளே படிந்து சூட்டைக் கூட்டும். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதுவே மேல்.

புதிதாக ஓட்டுபவர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காத விடயம் இறக்கத்தில் திருப்புவது. ஒவ்வொரு சில்லுக்கும் தனிக் கிளச் உண்டு. சமதரையில் இடப்பக்கக் கிளச்சை அமுக்கினால் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது இயந்திரம் சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது இடக்கிளச்சை அமுக்கினால் இடச்சில்லு கட்டறுந்து முந்தி ஓடும், வண்டி வலப்பக்கம் திரும்பும். பெட்டி பின்னால் தள்ள, சாரதி கட்டின் மறுபக்கம் போய்விடுவார். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், குறைந்த கியரில், கைப்பிடியைத் தோளால் தள்ளியே திருப்ப வேண்டும்.

எரிபொருள் விடயத்தில் இந்த இயந்திரம் பொறுமைசாலி. எரிப்பறையின் அமைப்பு காரணமாக டீசலோடு கால்பங்கு வடித்த தேங்காயெண்ணெயோ இலுப்பெண்ணெயோ கலந்தாலும் ஓடும். ஸ்ரார்ட் பண்ணுவதும், நிறுத்துமுன் கடைசிப் பத்து நிமிடமும் தனி டீசலில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நொசிலில் (டீசலைப் பீச்சும் முனை) கரி பிடித்து அடுத்த நாள் பிடிக்காது. மண்ணெண்ணெயும் எரியும், ஆனால் வழுவழுப்பு இல்லாததால் பம்பு தேயும். நூற்றுக்கு இரண்டு பங்கு இயந்திர ஒயில் சேருங்கள். பெற்றோல் ஒரு துளியும் சேர்க்காதீர்கள்.

மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள் ஒரு தந்திரம், அவ்வளவுதான். சில சொட்டுப் பெற்றோலில் சூடேற்றிவிட்டு மாற்ற வேண்டும், தட்டல் சத்தம் வரும், பிளக் அடிக்கடி கறுக்கும், எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். அவசரத்துக்கு ஆகும். தனியாள் பயணத்துக்கு இரும்புச் சட்டச் சைக்கிளே போதும். இரண்டு ரியூப், ஒட்டு, சொலூசன், ஒரு சங்கிலி இருந்தால் சரி.

ஒளித்து வைப்பதில் லாண்ட்மாஸ்ரருக்கு இரண்டு முகம். ஓடும்போது ஒளிக்கவே முடியாது. இரவில் வயல்வெளியில் அதன் இடி குறிச்சி முழுக்கக் கேட்கும். உழவு ரயரின் அம்புக்குறித் தடம் ஈரமண்ணில் வாசல்வரை வழிகாட்டும். அதனால் வைப்பிடத்துக்கு மண் காய்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள், கடைசி நூறு மீற்றர்த் தடத்தைக் கொப்பால் இழுத்து அழியுங்கள். பச்சைக் குழையால் மூடுவது இரண்டு நாளில் காய்ந்து தானே காட்டிக்கொடுக்கும். வைக்கோல் போருக்குள் சூடான சயிலன்சரோடு தள்ளினால் தீப்பிடிக்கும். ஆறிய பின் வைத்தாலும் எலி வந்து வயரையும் காற்று வடிகட்டியையும் கடிக்கும்.

நல்ல ஒளிப்பு, பழுதான வண்டிபோல் நிற்கவிடுவது. கிடுகுக் கொட்டிலில் அச்சைக் கல்லில் தூக்கி (மரக்குற்றியைக் கறையான் தின்னும்), ஒரு சில்லைக் கழற்றி, பெல்ற்றை எடுத்துவிட்டால் அதைக் கொண்டுபோக யாரும் மினக்கெடமாட்டார்கள். ஹான்டிலை மட்டும் ஒளித்துப் பயனில்லை, எந்த வீட்டு ஹான்டிலும் எந்த எஸ்195க்கும் பொருந்தும். பம்பிலிருந்து நொசிலுக்குப் போகும் இரும்புப் பைப்பைக் கழற்றி, இரு வாய்களையும் சுத்தமான துணியால் கட்டி, வேறிடத்தில் வையுங்கள். அது இல்லாமல் வண்டி அசையாது.

மாதக்கணக்கில் நிறுத்தும்போது தாங்கியை விளிம்புவரை நிரப்புங்கள், வெற்றிடத்தில் வியர்வை நீர் சேரும். தண்ணீர்ப் பெட்டியை வடியுங்கள். காற்று வரும் வாயில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மெதுவாகச் சுற்றி, ஹான்டில் கனக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. ஒயிலை அளவுக்கு மேல் விட்டால் அடுத்த ஸ்ரார்ட்டில் இயந்திரம் கட்டுப்பாடின்றி ஓடக்கூடும். காற்று வாயை அடைத்துத்தான் நிறுத்தலாம். சயிலன்சர் வாயைக் கட்டாவிட்டால் குளவி கூடு கட்டும். தறப்பாளை இயந்திரத்தில் ஒட்டக் கட்டாமல் நாலு கம்பில் உயர்த்துங்கள். புதைப்பதை மறந்துவிடுங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வரும், பொலித்தீன் சுற்றும் தாங்காது. காட்டோரத்தில் வைப்பதென்றால் மிதிவெடி அகற்றப்பட்ட இடம்தானா என்று நிச்சயப்படுத்துங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம்.

டீசலை இரும்புப் பரலில் நிழலில் வைத்து, ஆறு மாதத்துக்குள் பாவித்து மாற்றுங்கள். அடியில் நாலு விரல் உயரத்தை விட்டே எடுங்கள். தண்ணீரும் சேறும் அங்கேதான் நிற்கும். பெற்றோலை வீட்டுக்குள் கானில் சேர்க்கவே வேண்டாம், அதன் ஆவி அடுப்பைத் தேடிப் போகும்.

பழைய வண்டி வாங்குபவர் தண்ணீர்ப் பெட்டியில் ஒயில் படலம் மிதக்கிறதா என்று பார்க்கட்டும். மிதந்தால் காஸ்கெற் போயிருக்கலாம். வால்வு இடைவெளி ஆறிய நிலையில் உள்வாய்க்கு 0.35, வெளிவாய்க்கு 0.45 மில்லிமீற்றர். கையிருப்பில் நொசில் ஒன்று, ஹெட் காஸ்கெற் ஒன்று, பெல்ற் ஒரு தொகுதி, வடிகட்டி இரண்டு, 6.00-12 ரியூப் இரண்டு. பதிவுப் புத்தகமும் சசி இலக்கமும் பொருந்தாத வண்டியை மலிவென்றாலும் விடுங்கள்: 2022இல் எரிபொருள் அட்டை வாகனப் பதிவோடு பிணைந்திருந்தது, அடுத்த முறையும் அப்படித்தான் அளப்பார்கள்.