குழந்தையின் வயிற்றுவலிக்கு ரத்தப் பரிசோதனை: காட்பாடிப் பகுதி ஆய்வகம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

காட்பாடிப் பகுதியில் இயங்கும் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், குடல்வால் அழற்சி (அப்பென்டிசைட்டிஸ்) என்ற ஐயத்தின் பேரில், என் ஒன்பது வயது மகளுக்குப் பரிசோதனை செய்துகொண்டோம். நிலையத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். நான் சுட்டும் குறைகளை வேலூர் சுற்றுவட்டாரத்தின் வேறு சில ஆய்வக அறிக்கைகளிலும் பார்த்திருக்கிறேன்; ஒருவரை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்பது முறையாகாது. என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: ரத்தம் எடுப்பதிலும் அளப்பதிலும் இந்த நிலையம் தேர்ந்தது, அளந்ததை அறிக்கையாக எழுதித் தருவதில் பின்தங்கியது.

முதலில் தேர்ச்சியைச் சொல்ல வேண்டும். வலியில் சுருண்டு கிடக்கும் குழந்தையிடம் ரத்தம் எடுப்பது எளிதான வேலையன்று. அங்கிருந்த பெண் ஊழியர் பட்டாம்பூச்சி ஊசியால் ஒரே குத்தில் இரண்டு குழாய்களுக்கும் தேவையான ரத்தத்தை எடுத்தார். அணுக்களின் எண்ணிக்கைக்கான ஊதா மூடிக் குழாயைக் குலுக்காமல், மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைத்தார். இந்தச் சிறு செயலை அலட்சியம் செய்தால் ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்து, எண்ணிக்கை பொய்யாகிவிடும். குழந்தையை மறுபடியும் குத்த வேண்டிவரும். இயந்திரம் தந்த எண்ணிக்கையோடு நிற்காமல், கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்து, முதிராத நியூட்ரோபில்கள் (கிருமிகளோடு போராடும் ஒருவகை வெள்ளையணுக்கள்) தென்படுவதையும் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். பெரிய மருத்துவமனைகளுக்கு வெளியே இவ்வளவு அக்கறையை நான் எதிர்பார்க்கவில்லை.

குறை, அறிக்கை கைபேசிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அன்று காலையில் தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியது. நண்பகல் வாக்கில் ரத்தம் எடுத்தோம். வெள்ளையணுக்கள் 13,800, அவற்றில் நியூட்ரோபில்கள் 82 விழுக்காடு, அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி. லிட்டருக்கு 4 மில்லிகிராம். சி.ஆர்.பி.க்கு நேரே, 5க்குக் கீழ் இருப்பதால், ‘நார்மல்’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதை மட்டும் படிக்கும் எந்தப் பெற்றோரும் வாயுத் தொல்லை என்று எண்ணி, ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள்.

அந்தச் சொல் ஏன் ஆபத்தானது என்பதற்கு சி.ஆர்.பி. எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இது 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்ட ஒரு புரதம். உடலில் அழற்சி தொடங்கியதும் இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகள் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்து, அதன் பிறகே கல்லீரல் இதைச் சுரக்கத் தொடங்குகிறது. அளவு கூடத் தொடங்கவே பல மணி நேரம் ஆகும். உச்சத்தைத் தொட ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை ஆகலாம். வெள்ளையணுக்களோ அழற்சி தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஏறிவிடும். ஆகவே, வலி தொடங்கி அரை நாள் கூட ஆகாத குழந்தைக்கு சி.ஆர்.பி. குறைவாக இருப்பதால் குடல்வால் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ரத்தம் எப்போது எடுக்கப்பட்டது, வலி எப்போது தொடங்கியது என்ற இரண்டு நேரங்களும் எண்ணோடு சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இந்த நிலையத்தின் அறிக்கையிலோ அறிக்கை அச்சான நேரம் மட்டுமே இருந்தது.

வெள்ளையணுக்களுக்கு நேரே கொடுத்திருந்த 4,000 முதல் 11,000 வரை என்ற அளவு பெரியவர்களுக்கு உரியது. குழந்தைகளுக்கு வயதைப் பொறுத்து இது மாறும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 15,000 என்பது இயல்பாகவே இருக்கக்கூடும். நாலைந்து வயது வரை லிம்போசைட்டுகள் என்ற வேறொரு வகை வெள்ளையணுக்கள் மிகுந்தும் அதன் பிறகு நியூட்ரோபில்கள் மிகுந்தும் இருப்பதே வழக்கம். பதிவு செய்யும்போதே வயதைக் கேட்டு எழுதிக்கொள்கிறவர்கள், அந்த வயதுக்கு உரிய அளவை அச்சிடாதது வியப்பாக இருக்கிறது.

எங்கள் குழந்தைநல மருத்துவர் தடித்த எழுத்தைப் பொருட்படுத்தவில்லை. 2002இல் வெளியான, குழந்தைகளுக்கான குடல்வால் மதிப்பெண் முறையை அவர் விளக்கினார். மொத்தம் 10 மதிப்பெண். இருமும்போதோ குதிக்கும்போதோ வலிப்பதற்கும், அடிவயிற்றின் வலப்பக்கம் அழுத்தினால் வலிப்பதற்கும் தலா 2. வலி இடம் மாறுவது, பசியின்மை, குமட்டல், காய்ச்சல் ஆகியவற்றுக்குத் தலா 1. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடியதற்கு 1, நியூட்ரோபில்கள் கூடியதற்கு 1. ஆக, பத்தில் எட்டு மதிப்பெண் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதிலும் கேட்டறிவதிலும்தான் இருக்கிறது. சி.ஆர்.பி.க்கு இந்த முறையில் இடமே இல்லை. 2008இல் வந்த வேறொரு மதிப்பெண் முறையில்தான் அது சேர்க்கப்பட்டது. அன்று மாலை எடுத்த ஸ்கேனில் குடல்வால் தென்படவில்லை. குடலில் காற்று நிறைந்திருந்தால் இப்படி நேர்வதுண்டு. மருத்துவர் குழந்தையைத் தம் மருத்துவமனையிலேயே இரவு கண்காணிப்பில் வைத்தார்.

மறுநாள் விடியலில் அதே நிலையத்தின் ஊழியர் நேரில் வந்து ரத்தம் எடுத்துச் சென்றார். வெள்ளையணுக்கள் 15,200, சி.ஆர்.பி. 62. வலியும் இடுப்பெலும்புக்கு மேலே வலப்பக்கம் இறங்கியிருந்தது. மருத்துவர் தொலைபேசியில் சோடியமும் பிலிரூபினும் (ரத்தத்தில் உள்ள மஞ்சள் நிறமி) கூடுதலாகக் கேட்டார். புதிதாகக் குத்தாமல், ஏற்கெனவே எடுத்த குழாயில் மிஞ்சியிருந்த சீரத்திலேயே (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) பார்த்துத் தந்தார்கள். குடல்வால் வெடித்த குழந்தைகளிடம் சோடியம் குறைந்தும் பிலிரூபின் கூடியும் காணப்படுவதுண்டு. இவை செலவு குறைந்த, எல்லா ஆய்வகங்களிலும் உள்ள பரிசோதனைகள். இரண்டும் இயல்பாக இருந்தது எங்களுக்குச் சற்று ஆறுதல் தந்தது. இந்த ஒத்துழைப்புக்காக நிலையத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் முதல் நாள் முகப்பில் இருந்தவரின் போக்கு அப்படி இல்லை. மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தது போதாது என்று, வைடல் (டைபாய்டுக்கானது), டெங்கு, மலேரியா எல்லாம் அடங்கிய காய்ச்சல் பேக்கேஜையும், அதற்கு மேல், கடுமையான தொற்றில் ஏறும் புரோகால்சிட்டோனின் என்ற பொருளுக்கான பரிசோதனையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வைடல் பரிசோதனை தேடும் எதிர்ப்பொருள்கள் டைபாய்டு தொடங்கி ஒரு வாரம் ஆகும் வேளையில்தான் எழும். பழைய தொற்றாலோ தடுப்பூசியாலோ பொய்யாகவும் அவை தென்படலாம். காலையில் தொடங்கிய வயிற்றுவலிக்கு அதனால் பயன் இல்லை. புரோகால்சிட்டோனின் சி.ஆர்.பி.யைவிட விரைவாக ஏறும் என்பது உண்மையே. ஆனால் வெடிக்காத, எளிய குடல்வால் அழற்சியில் அது பெரும்பாலும் ஏறுவதில்லை. சீழ் பரவிய நிலையைக் காட்டுவதில்தான் அதன் வலிமை இருக்கிறது. சி.ஆர்.பி.யைவிடப் பல மடங்கு விலையுள்ள ஒன்றை, மருத்துவர் கேட்காமல் முகப்பில் விற்பது எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது ஸ்கேனில் குடல்வால் தடித்து, அழுத்தியும் அமுங்காமல் இருப்பது தெரிந்ததும், வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்து அறுவை செய்தார்கள். அதன் பிறகு வந்த அறிக்கையில் சி.ஆர்.பி. 7.1 என்றிருந்தது. ஆம்பூரிலிருந்து என் அண்ணன் அதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, “அறுபத்திரெண்டுல இருந்து ஏழாயிடுச்சே, இன்னும் எதுக்கும்மா ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க?” என்று கேட்டார். அந்த மருத்துவமனை டெசிலிட்டருக்கு (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறது. காட்பாடி நிலையம் லிட்டருக்கு எழுதுகிறது. மருத்துவமனையின் 7.1 என்பது காட்பாடி நிலையத்தின் கணக்கில் 71. உண்மையில் அளவு கூடியிருந்தது. அதில் அச்சப்பட ஒன்றுமில்லை: அறுவையே அழற்சியைத் தூண்டும் என்பதால் அடுத்த இரண்டு மூன்று நாள் சி.ஆர்.பி. ஏறி, பிறகு இறங்கும். அதன் பிறகும் இறங்காமல் இருந்தாலோ, ஒருமுறை இறங்கியது மறுபடி ஏறினாலோதான் வயிற்றுக்குள் சீழ் கட்டியிருக்கிறதா என்று தேடுவார்கள். அலகு எழுதும் முறை ஊரெங்கும் ஒன்றாக இல்லாத நிலையில், குறைந்தது அலகை எண்ணுக்குப் பக்கத்தில், எண்ணின் அளவிலேயே அச்சிடலாம். காட்பாடி நிலையத்தின் அறிக்கையில் அது கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் ஓர் ஓரத்தில் கிடக்கிறது.

வீடு திரும்பிய பிறகு தொடர் பரிசோதனைக்கும் இதே நிலையத்துக்குத்தான் போனோம். ஒரே ஆய்வகத்தின், ஒரே இயந்திரத்தின் எண்களை ஒப்பிடுவதே சரி என்று மருத்துவர் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். அழற்சி அடங்கிவிட்டால் சி.ஆர்.பி. ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்பதால், அது இறங்கி வருவதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. முந்தைய அறிக்கையின் எண்ணைப் புதிய அறிக்கையில் பக்கத்திலேயே காட்டும் வசதியை மட்டும் இவர்கள் செய்யவில்லை. பழைய தாள்களை நாமே கோப்பில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

மேலாளரிடம் இவற்றைச் சொன்னேன். மென்பொருளில் அளவுகள் இயந்திர நிறுவனம் கொடுத்தபடியே பதிந்திருப்பதாகவும், வயது வாரியாக மாற்ற எழுதிக் கேட்டிருப்பதாகவும் பொறுமையாகவே பதில் சொன்னார். ரத்தம் எடுத்த நேரத்தை அதுவரை கையால் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டார். கடைசி அறிக்கையில் அப்படியே எழுதியும் இருந்தார்கள். நிலையம் இரவு ஒன்பது மணிக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு குழந்தைக்கு வலி வந்தால், விடியும் வரை காத்திராமல், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ, இரவிலும் ஆய்வகமும் அறுவை மருத்துவரும் உள்ள வேறு இடத்துக்கோ நேராகக் கொண்டுபோய்விட வேண்டும்.